எழுத்து நிலைக்க எளிய உரை

(உரைநடைப் பாடம்)

நுழையும்முன்

ஓலையிலும் தாளிலும் எழுதப்பட்ட தமிழ் இன்று கணினியிலும் கைப்பேசியிலும் எழுதப்படுகிறது. ஓலையைச் செல் அரிக்கும். தாள் பழுப்பேறி நொறுங்கும். கணினியில் எழுதியதற்கு அத்தகைய அழிவு இல்லை என்று பலர் எண்ணுகின்றனர். ஆயினும், இருபது ஆண்டுகளுக்கு முன்பு தட்டச்சிட்ட தமிழ்க் கோப்புகள் பல, இன்று திறந்தும் படிக்க இயலாதவையாக உள்ளன. அதற்குரிய காரணத்தையும், எழுதியதை நெடுநாள் காக்கும் எளிய வழியையும் இப்பாடம் விளக்குகிறது.

எழுத்தும் ஒப்பனையும்

தொல்காப்பியம் எழுத்து, சொல், பொருள் என்னும் மூன்று அதிகாரங்களை உடையது. எழுத்துகள் சேர்ந்து சொல்லாகின்றன. சொற்கள் பொருளை உணர்த்துகின்றன. எழுத்தின் நிறம், பருமன், சாய்வு ஆகியவை இம்மூன்றனுள் எதிலும் அடங்கா. அவை படிப்பவரின் கண்ணுக்கு உதவும் ஒப்பனைகள். ‘அம்மா’ என்னும் சொல்லைச் சிவப்பு மையால் எழுதினாலும் கறுப்பு மையால் எழுதினாலும் அதன் பொருள் மாறுவதில்லை.

கணினியில் எழுத உதவும் மென்பொருள்கள் இருவகைப்படும். எழுத்தையும் அதன் ஒப்பனையையும் ஒருங்கே சேமிப்பது சொற்செயலி. மைக்ரோசாஃப்ட் வேர்டு, லிப்ரே ஆபீஸ் ரைட்டர் ஆகியன சொற்செயலிகள். எழுத்தை மட்டும் சேமிப்பது உரைதிருத்தி. விண்டோஸ் கணினியில் உள்ள நோட்பேட், லினக்ஸ் கணினியில் உள்ள நானோ, விம் ஆகியன உரைதிருத்திகள்.

உரைதிருத்தியில் எழுதிச் சேமித்த கோப்பு, எளிய உரைக்கோப்பு எனப்படும். அதன் பெயரின் இறுதியில் பெரும்பாலும் டி, எக்ஸ், டி என்னும் மூன்று ஆங்கில எழுத்துகள் இருக்கும். எழுத்து, எண், நிறுத்தற்குறி, இடைவெளி, வரிமுடிவு ஆகியனவே அக்கோப்பில் உண்டு. வண்ணமும் படமும் அதில் இடம்பெறா.

கணினி எழுத்தை அறியும் முறை

கணினி எண்களை மட்டுமே அறியும். எனவே, ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் வழங்கப்படுகிறது. இம்முறைக்குக் குறியாக்கம் என்று பெயர். 1963ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஆஸ்கி என்னும் குறியாக்கத்தில் 128 இடங்கள் இருந்தன. ஆங்கிலப் பெரிய எழுத்து ‘ஏ’ அதில் 65 என்னும் எண்ணைப் பெற்றது. தமிழ் எழுத்துகளுக்கு அதில் இடம் இல்லை.

1991ஆம் ஆண்டில் ஒருங்குறியின் முதற்பதிப்பு வெளிவந்தது. உலக மொழிகளின் எழுத்துகள் அனைத்துக்கும் தனித்தனி எண் வழங்குவதே அதன் நோக்கம். அதில் 2944 முதல் 3071 வரையுள்ள 128 இடங்கள் தமிழுக்கு ஒதுக்கப்பட்டுள்ளன. ‘தமிழ்’ என்னும் சொல் ஒருங்குறியில் பின்வருமாறு அமைகிறது.

த – 2980
ம – 2990
இகரக் குறி (மேல்விலங்கு) – 3007
ழ – 2996
புள்ளி – 3021

இலக்கணப்படி ‘தமிழ்’ என்னும் சொல்லில் த, மி, ழ் என மூன்று எழுத்துகள் உள்ளன. கணினியிலோ அது ஐந்து எண்களாகப் பதிகிறது. ‘ம’ என்பதனோடு இகரக் குறி சேர்ந்து ‘மி’ ஆகிறது. ‘ழ’ என்பதனோடு புள்ளி சேர்ந்து ‘ழ்’ ஆகிறது. யுடிஎஃப்-8 என்னும் முறையில் சேமிக்கும்போது இவற்றுள் ஒவ்வொன்றும் 3 பைட்டு இடத்தைப் பெறும். எனவே, ‘தமிழ்’ என்னும் சொல்லுக்கு 15 பைட்டுகள் போதும். இக்கணக்கின்படி பார்த்தால் திருக்குறளின் 1330 குறள்களும் அரை மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். கைப்பேசியில் எடுக்கும் ஒரு நிழற்படமே பெரும்பாலும் அதனினும் மிகுதியான இடத்தைக் கொள்ளும்.

எழுத்துரு தொலைந்தால்

ஒருங்குறி பரவலாகப் பயன்பாட்டுக்கு வருமுன் தமிழைத் தட்டச்சிட வேறொரு வழி கையாளப்பட்டது. ஆங்கில எழுத்துக்குரிய எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு, திரையில் தோன்றும் வடிவத்தை மட்டும் தமிழாக மாற்றினர். இதற்கெனத் தனி எழுத்துருக்கள் உருவாயின. பாமினி என்பது அவற்றுள் ஒன்று. அவ்வெழுத்துருவில் தட்டச்சிட்ட ‘அம்மா’ என்னும் சொல், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகத் தோன்றும். எழுத்துரு ஒவ்வொன்றும் தனக்கென ஒரு முறையைக் கொண்டிருந்ததால், ஒன்றில் எழுதியதை மற்றொன்றில் படிக்க இயலவில்லை.

வெளிமாநிலத்தில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். ஊரில் இருந்த தாத்தா, 2001ஆம் ஆண்டில் தம் குடும்பத்தின் வழிமுறையையும், குலதெய்வக் கோயிலின் வரலாற்றையும், பாட்டி பாடும் தாலாட்டையும் பழைய எழுத்துரு ஒன்றில் தட்டச்சிட்டு மகனுக்கு அனுப்புகிறார். மகனுக்குப் பலமுறை பணியிட மாற்றம் வருகிறது. கணினிகள் மாறுகின்றன. எனினும், கோப்பு மட்டும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் படியெடுக்கப்பட்டு வருகிறது. பல ஆண்டுகள் கழித்துப் பேத்தி அதனைத் திறக்கிறாள். திரையில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் வரிசையாகத் தோன்றுகின்றன. எழுத்துருவின் பெயரைச் சொல்லத் தாத்தா இல்லை. தாலாட்டைப் பாடிக் காட்டப் பாட்டியும் இல்லை.

இக்கோப்பு அழியவில்லை, அதைப் படிக்கும் திறவுகோலே தொலைந்துள்ளது. எழுத்துருவின் பெயர் தெரிந்தால், எழுத்துரு மாற்றி என்னும் மென்பொருளின் துணையால் அதனை ஒருங்குறிக்கு மாற்றிவிடலாம். பெயர் தெரியாவிடில் ஒவ்வொரு முறையாகச் சோதித்துப் பார்க்க வேண்டும். தாத்தா அதே செய்தியை ஒருங்குறியில் எழுதியிருப்பின் இத்துன்பம் நேர்ந்திராது.

தமிழுக்குப் பொதுவான குறியாக்கம் வேண்டும் என்னும் முயற்சி முன்பே தொடங்கிற்று. 1999ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்99 என்னும் விசைப்பலகை தரப்படுத்தப்பட்டது. 2010ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்று ஆணை பிறப்பித்தது.

சொற்செயலிக் கோப்பின் உள்ளே

ஒருங்குறியில் எழுதினால் மட்டும் போதுமா? எழுதியதை எவ்வகைக் கோப்பில் வைப்பது என்பதும் கருதத்தக்கது.

மைக்ரோசாஃப்ட் வேர்டு 2007ஆம் ஆண்டு முதல் பயன்படுத்திவரும் கோப்பு, பல சிறு கோப்புகளைச் சுருக்கிக் கட்டிய ஒரு பொதியாகும். எழுதிய உரை ஒரு கோப்பிலும், ஒப்பனை விவரங்கள் மற்றொரு கோப்பிலும், படங்கள் தனியாகவும் அப்பொதிக்குள் இருக்கும். அப்பொதியை அவிழ்த்து உரிய முறையில் அடுக்கத் தெரிந்த மென்பொருளே அதனைக் காட்ட இயலும். பொதியின் ஒரு பகுதி பழுதுபட்டால் கோப்பு முழுவதும் திறவாமல் போகக்கூடும். எளிய உரைக்கோப்பின் ஒரு பகுதி பழுதுபட்டாலோ, பெரும்பாலும் அப்பகுதியிலுள்ள எழுத்துகள் மட்டுமே சிதையும், எஞ்சியவற்றைப் படிக்கலாம்.

மென்பொருள்களுக்கும் ஆயுள் உண்டு. 1978ஆம் ஆண்டில் வெளிவந்த வேர்டுஸ்டார் என்னும் சொற்செயலி, 1980களில் அலுவலகங்கள் பலவற்றில் பயன்பட்டது. அக்காலத்தில் அதில் எழுதிய கோப்புகளை இன்றைய சொற்செயலிகள் பலவற்றில் நேரடியாகத் திறக்க இயலாது. எளிய உரைக்கோப்பு எந்த ஒரு நிறுவனத்தின் மென்பொருளையும் நம்பி இருப்பதில்லை. ஒன்று மறைந்தால் மற்றொன்று அதனைத் திறக்கும்.

காலத்தை வென்ற கோப்புகள்

1971ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள், அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகக் கணினியில் மைக்கேல் ஹார்ட் என்பவர் அமெரிக்க விடுதலைச் சாற்றுரையைத் தட்டச்சிட்டார். கூட்டன்பெர்க் திட்டம் என்னும் மின்னூலகம் அதிலிருந்தே தொடங்கியது. நூல்கள் எளிய உரையாகக் கிடைக்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அன்று அறை அளவு இடத்தை அடைத்த கணினிகள் இன்று இல்லை. அன்று எழுதிய அந்த எளிய உரையை இன்றைய கைப்பேசியிலும் படிக்கலாம்.

தமிழிலும் இத்தகைய பணி நடைபெற்றது. 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் மதுரைத் திட்டம் தொடங்கப்பட்டது. பல நாடுகளில் வாழும் தமிழர்கள் ஊதியம் பெறாமல், தத்தம் இல்லங்களில் இருந்தவாறே தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டும் மெய்ப்புப் பார்த்தும் உதவினர். தொடக்கக் காலத்தில் டிஸ்கி என்னும் குறியாக்கத்தில் நூல்கள் வெளியிடப்பட்டன. ஒருங்குறி பரவியபின் அந்நூல்கள் ஒருங்குறிக்கு மாற்றப்பட்டன. அந்நூல்களில் இன்ன எண் இன்ன எழுத்தைக் குறிக்கும் என்பது வெளிப்படையாகத் தெரிந்திருந்தமையால் மாற்றம் எளிதாயிற்று. தாய்நிலத்தை விட்டு அகன்று வாழ்வோரும் தமிழைக் காக்க இயலும் என்பதற்கு இத்திட்டம் சான்றாகும்.

எழுதுவோருக்கு விளையும் பயன்கள்

எளிய உரை காலத்தால் நிலைப்பதோடு எழுதும் பணிக்கும் துணைசெய்கிறது.

முதலாவது, கவனம் சிதறாது. சொற்செயலியைத் திறந்தவுடன் எழுத்துருவைத் தேர்தல், தலைப்புக்கு வண்ணம் இடுதல், ஓரங்களை அளத்தல் என வேலைகள் பல கண்முன் நிற்கும். கட்டுரை எழுதத் தொடங்கிய மாணவர், முதல் வரியை எழுதுமுன் தலைப்பை அழகுபடுத்துவதிலேயே அரைமணி நேரத்தைக் கழித்துவிடுவதுண்டு. உரைதிருத்தியில் அத்தகைய வாய்ப்பு குறைவு. எழுதுவதே அங்கு முதன்மையான பணி.

இரண்டாவது, குறுக்கீடு குறைவு. தமிழ்ச் சொற்களை அறியாத சொற்செயலி, பிழையின்றி எழுதிய சொல்லின் கீழும் சிவப்புக் கோடு இடும். தமிழை இரண்டாம் மொழியாகப் பயிலும் மாணவர் அதனைக் கண்டு தம் சொல் தவறோ என ஐயுறுவர். பிழைதிருத்தும் வசதி இல்லாத உரைதிருத்தியில் அகராதியே துணை, எழுதுபவரே நடுவர்.

மூன்றாவது, எங்கும் பயன்படும். எளிய உரைக்கோப்பு சிறியது. பழைய கணினியிலும் விலை குறைந்த கைப்பேசியிலும் அது திறக்கும். பள்ளி மாறினாலும், ஊர் மாறினாலும், வீட்டுக் கணினியும் பள்ளிக் கணினியும் வெவ்வேறாக இருந்தாலும் எழுதியது உடன்வரும்.

சொற்செயலி தேவையற்றதா?

சொற்செயலி பயனற்றது என்று கொள்ளுதல் கூடாது. அட்டவணையும் படமும் நிறைந்த திட்ட அறிக்கை, அச்சிட்டு வழங்கும் விண்ணப்பம், விழா அழைப்பிதழ் ஆகியவற்றுக்குச் சொற்செயலியே ஏற்றது. எளிய உரையில் அவற்றை அழகுறச் செய்ய இயலாது.

எனவே, வரிசை அறிந்து செயற்படுதல் வேண்டும். முதலில் எளிய உரையில் கருத்தை எழுதி முடிக்க வேண்டும். பிழை திருத்திச் செம்மைசெய்த பின்னர், தேவையாயின் அதனைச் சொற்செயலியில் இட்டு ஒப்பனை செய்யலாம். ஒப்பனை செய்த படி அச்சுக்கு. எளிய உரைப் படி காப்புக்கு. தலைப்பு, பட்டியல் ஆகியவற்றை எளிய உரையிலேயே சுட்டவும் வழி உண்டு. 2004ஆம் ஆண்டில் ஜான் குரூபர் என்பவர் வெளியிட்ட மார்க்டவுன் என்னும் முறையில், வரியின் தொடக்கத்தில் # என்னும் குறியை இட்டால் அது தலைப்பு. - என்னும் குறியை இட்டால் அது பட்டியல். குறியைக் கண்டவுடனே படிப்பவருக்கும் அது விளங்கும்.

செய்முறை

1. கணினியிலோ கைப்பேசியிலோ ஒருங்குறியில் தட்டச்சிடும் தமிழ் விசைப்பலகையைத் தேர்ந்துகொள்க.
2. உரைதிருத்தியைத் திறந்து எழுதுக. ஆப்பிள் கணினியிலுள்ள டெக்ஸ்ட்எடிட் ஒப்பனையுடைய உரையாகவே தொடங்கும். அதனை எளிய உரைக்கு மாற்றிக்கொள்க.
3. ஒரு பத்திக்கும் அடுத்த பத்திக்கும் இடையே ஒரு வெற்று வரி விடுக.
4. சேமிக்கும்போது குறியாக்கம் யுடிஎஃப்-8 என்று இருக்கிறதா எனப் பார்க்க. 2019ஆம் ஆண்டுக்கு முற்பட்ட நோட்பேட் ஆன்சி என்பதையே தானாகத் தேர்ந்துகொள்ளும். அவ்வாறு சேமித்தால் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாகிவிடும், மீட்க இயலாது.
5. கோப்பின் பெயரில் நாளையும் பொருளையும் குறிக்க. எடுத்துக்காட்டு: 2025-01-14-பொங்கல்.
6. கோப்பை மூடி, வேறொரு கருவியில் திறந்து, எழுத்துகள் சரியாகத் தெரிகின்றனவா எனச் சோதிக்க.
7. வெவ்வேறு இடங்களில் இரண்டு படிகள் வைத்துக்கொள்க. ஒரே படி மட்டும் இருப்பின், எளிய உரையும் கருவியோடு அழிந்துபோகும்.

ஏட்டைப் படியெடுத்தோர் எழுத்தை மட்டுமே படியெடுத்தனர். அவ்வெழுத்தே நூலாக அச்சேறித் தலைமுறைகளைக் கடந்து வந்தது. இன்று ஒரு மாணவர் தம் பாட்டியிடம் கேட்டு எழுதும் பத்து வரிகளும் அவ்வாறே பேணத்தக்கவை. அவை எளிய உரையில் இருப்பின், பின்னாளில் அம்மாணவரின் பேரக்குழந்தையும் படிக்கலாம்.

சொல்லும் பொருளும்

ஒப்பனை – அழகு செய்தல்
குறியாக்கம் – எழுத்துகளுக்கு எண் வழங்கும் முறை
எழுத்துரு – திரையிலும் அச்சிலும் தோன்றும் எழுத்தின் வடிவத் தொகுப்பு
ஒருங்குறி – உலக மொழிகள் அனைத்துக்கும் பொதுவான குறியாக்கம்
மெய்ப்பு – பிழை திருத்துவதற்கான படி
வழிமுறை – தலைமுறைத் தொடர்ச்சி
சாற்றுரை – அறிவிப்பு

அறிந்து கொள்க

சொற்செயலி = சொல் + செயலி. நிலைமொழியின் இறுதியிலுள்ள லகர மெய், வல்லினம் வரும்போது றகர மெய்யாகத் திரிந்தது.
எழுத்துரு = எழுத்து + உரு. உயிர் வரும்போது நிலைமொழி ஈற்றிலுள்ள குற்றியலுகரம் கெட்டது.

மதிப்பீடு

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. எழுத்தை மட்டும் சேமிக்கும் மென்பொருள் ______.
(சொற்செயலி / உரைதிருத்தி / எழுத்துரு மாற்றி)
2. மதுரைத் திட்டம் தொடங்கப்பட்ட ஆண்டு ______.
(1971 / 1991 / 1998)
3. ‘மின்னூல்’ என்பதனைப் பிரித்து எழுதக் கிடைப்பது ______.
(மின் + நூல் / மின்ன + நூல் / மின்னு + ஊல்)

ஆ. ஓரிரு வரிகளில் விடை எழுதுக.

1. எளிய உரைக்கோப்பில் இடம்பெறுபவை யாவை?
2. பழைய எழுத்துருவில் எழுதிய ‘அம்மா’ என்னும் சொல் வேறு கணினியில் மாறித் தோன்றுவது ஏன்?
3. ‘தமிழ்’ என்னும் சொல் 15 பைட்டு இடம் பெறுவது எவ்வாறு?

இ. ஐந்து வரிகளில் விடை எழுதுக.

1. சொற்செயலிக் கோப்புக்கும் எளிய உரைக்கோப்புக்கும் உள்ள வேறுபாடுகளை எழுதுக.
2. எவ்வெப்பணிகளுக்குச் சொற்செயலி ஏற்றது? காரணம் தருக.

ஈ. சிந்தித்து எழுதுக.

தாத்தாவின் கோப்பைத் திறந்த பேத்தி இனிச் செய்யக்கூடியவை யாவை? அவள் தன் பெயர்த்திக்கு ஒரு கோப்பை விட்டுச்செல்ல விரும்பினால் அதனை எவ்வாறு அமைக்க வேண்டும்?

கற்பவை கற்றபின்

1. தாத்தா, பாட்டி, பெரியம்மா, மாமா ஆகியோருள் ஒருவரிடம் தொலைபேசியில் பேசி, அவர்தம் ஊரில் வழங்கும் பத்துச் சொற்களைப் பொருளோடு கேட்டறிக. அச்சொற்களை எளிய உரைக்கோப்பில் எழுதிச் சேமிக்க.
2. அம்மாவின் அம்மாவை உங்கள் இல்லத்தில் எவ்வாறு அழைப்பீர்கள்? ஆச்சி, அம்மாச்சி, அம்மம்மா, பாட்டி என வகுப்பில் வழங்கும் முறைப்பெயர்கள் அனைத்தையும் தொகுத்து, வகுப்புக்கு ஒரே கோப்பாக ஆக்குக.
3. உங்கள் பெயரைத் தமிழில் எழுதுக. இலக்கணப்படி எத்தனை எழுத்துகள், ஒருங்குறியில் எத்தனை எண்கள் எனக் கணக்கிட்டு எழுதுக.